போட்டாச்சா, போட்டிருப்பாங்களா?

நாங்கள் தத்தெடுத்த மகள் எங்களிடம் வந்தது 2023 ஜூலை 10, ஒரு திங்கட்கிழமை. அப்போது அவளுக்கு ஒரு வயது ஐந்து மாதம். கூடவே வந்தவை இரண்டு கவுன், ஒரு பால் பாட்டில், காது பிய்ந்த ஒரு துணி முயல், ஒரு பச்சை ஃபைல், அவ்வளவுதான். காரில் நான்கு மணி நேரம். அவள் தூங்கவும் இல்லை, அழவும் இல்லை. என் மடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் இருப்பது கோட்டையூரில், ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில், வாடகைக்கு. என் வீட்டுக்காரர் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். அன்று இரவு பிள்ளை ஒருவழியாகத் தூங்கிய பிறகு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு நானும் அவருமாக ஒவ்வொரு தாளாகப் படித்தோம். தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்கனவே பார்த்த அறிக்கைகள்தான். குழந்தையைப் பற்றிய அறிக்கை ஒன்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஒன்று. மருத்துவ அறிக்கையில் எடை, உயரம், எச்.ஐ.வி. இல்லை, மஞ்சள் காமாலை பி இல்லை என்று வரிசையாக எழுதி, தடுப்பூசி என்ற இடத்தில் ஒரே வரி: வயதுக்கேற்ற தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன.

ஃபைலின் கடைசியில் தடுப்பூசி அட்டை இருந்தது. நாலாக மடித்து மடித்து மடிப்பு கிழியத் தொடங்கிய அட்டை. பிறந்த அன்று போட்ட காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி., சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ஊசி மூன்றுக்கும் நீல மையில் தேதி. ஆறாவது வாரத்தில், ரண ஜன்னி உட்பட ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியின் முதல் டோஸ், நிமோனியா ஊசி, போலியோ ஊசி, சொட்டு மருந்து எல்லாவற்றுக்கும் தேதி, கீழே யாரோ ஒரு நர்ஸின் சுருக்கெழுத்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பத்தாவது வாரம் வெறுமை, பதினான்காவது வாரம் வெறுமை, ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா இருக்கவேண்டிய கட்டமும் வெறுமை.

அறிக்கை எல்லாம் போட்டாச்சு என்கிறது. அட்டை ஒன்றரை மாதத்தோடு நின்றுவிட்டது. எதை நம்புவது?

மறுநாள் காலையில் பிள்ளையை அனுப்பிய அமைப்புக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நல்லவர்கள்தான், குழந்தையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில், "போட்டிருப்பாங்க மேடம்." எப்போது என்றேன். "அந்த டைம்ல வேற சிஸ்டர் இருந்தாங்க, கண்டிப்பா போட்டிருப்பாங்க." வேறு ரிஜிஸ்டர் ஏதாவது இருக்கிறதா என்றேன். தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு முறை நினைவூட்டினேன், வரவே இல்லை.

நம் பாஷையில் 'போட்டாச்சு' என்பதற்கும் 'போட்டிருப்பாங்க' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கேஸ் அடுப்பை அணைச்சாச்சா என்று கேட்டால் அணைச்சிருப்பேன் என்று யாராவது சொன்னால் நாம் எழுந்து போய்ப் பார்க்கிறோம் இல்லையா? பிள்ளையின் உடம்பு விஷயத்தில் மட்டும் எப்படி அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பது?

காரைக்குடியில் எங்களுக்குத் தெரிந்த குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் அட்டையை மேசையில் வைத்துத் தடவி நேராக்கிவிட்டுச் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். தேதி எழுதியிருக்கிற ஊசிதான் போட்ட ஊசி. எழுதாதது போடாததுதான். ஒருவேளை போட்டே இருந்து, நாம் மறுபடி போட்டுவிட்டால்? தட்டம்மை ஊசியோ சொட்டு மருந்தோ ஒன்று கூடிப்போவதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, விட்டுப்போவதில்தான் ஆபத்து என்றார். ரண ஜன்னிக்கான ஊசி மட்டும் அளவுக்கு மிஞ்சி அடுத்தடுத்துப் போட்டால் ஊசி போட்ட இடம் நன்றாக வீங்கி வலிக்கலாம், அதனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி போடாமல் அட்டையில் உள்ள டோஸை எண்ணிக்கொண்டு போகவேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், இது தத்தெடுக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நடுவில் எத்தனை மாதம் இடைவெளி விழுந்திருந்தாலும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தால் போதும். அரசுத் திட்டத்தில் பெண்டாவேலன்ட் ஊசியை ஒரு வயதுக்குள் ஒரு டோஸாவது போட்டிருந்தால் ஒரு வயதுக்குப் பிறகும் அதையே தொடர்ந்து முடிக்கலாம். ஒன்றுமே போடாமல் ஒரு வயது தாண்டிவிட்டால் அதற்குப் பதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசிக்குப் போகவேண்டும். ஆக, யாரோ ஒரு நர்ஸ் ஆறாவது வாரத்தில் போட்டு, மறக்காமல் தேதியும் எழுதிவைத்த அந்த ஒரு டோஸ் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எங்களுக்கு வழி திறந்துவிட்டது. அந்த நர்ஸ் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தச் சுருக்கெழுத்தை நான் பலமுறை தடவிப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையின் இடது தோளுக்குக் கீழே பி.சி.ஜி. தழும்பைப் பார்த்தார், பயறு அளவுக்கு இருந்தது. தழும்பு தெரியாவிட்டாலும் அட்டையில் எழுதியிருந்தால் போதும், திரும்பப் போடவேண்டியதில்லையாம். எச்.ஐ.வி. பரிசோதனையின் முடிவை அவர் முதலிலேயே கேட்டு வாங்கிப் பார்த்ததற்கும் காரணம் இருக்கிறது. தட்டம்மை ஊசி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தி செய்வது, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளைக்கு அதைப் போடுவதற்கு முன்பு யோசிக்கவேண்டும். பெற்ற தாயின் உடல்நிலை தெரியாத குழந்தை என்றால் இந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல் டாக்டரிடம் போகாதீர்கள்.

சரி, டாக்டர் சொல்லிவிட்டார், போட்டுவிடலாம் என்றால் வீட்டில் அது அவ்வளவு சுலபமாக இல்லை.

ஜூலை 17-ம் தேதி ஆடி பிறந்தது. அடுத்த புதன்கிழமை 19-ம் தேதி, ஆடி 3. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி நாள் புதன்கிழமைதான். என் மாமியார் வேண்டவே வேண்டாம் என்றார். "ஆடி மாசம் ஆத்தா மாசம். அம்மைக்கு ஊசி போடுறதுன்னா அவளுக்கு எதிரா போடுற மாதிரி இருக்கு. ஆவணி பொறக்கட்டும் தாயி." அத்தை இதைப் பிடிவாதமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அவர் சின்ன வயதில் தம்பி ஒருவனை மணல்வாரி அம்மையில், அதாவது இதே தட்டம்மையில், பறிகொடுத்தவர். வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டில் தாளிக்காமல் வைத்திருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே போய்விட்டான் என்று சொல்வார். பிள்ளை வந்த மறுநாளே நாட்டு மருந்துக் கடையில் வசம்பு வாங்கி, நூலில் கோத்து, அவள் கையில் வளையல் மாதிரிக் கட்டிவிட்டவர் அவர்தான். வசம்புக்கு நம் பக்கம் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லிச் சொல்லித்தான் கட்டினார்.

வீட்டுக்காரரின் அண்ணன் வேறு போன் பண்ணினார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது, ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்களே, அப்போது வாட்ஸப்பில் சுற்றிய பயமுறுத்தல் செய்திகள் இன்னும் அவர் மனதில் இருந்தன. கோடிக்கணக்கான பிள்ளைகள் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன், அவர் பிள்ளைகள் உட்பட. அதோடு அவர் விட்டுவிட்டார்.

ஆனால் என்னை உண்மையிலேயே கலங்கடித்தது வேறொரு வாதம். அதைச் சொன்னது என் வீட்டுக்காரர். "பாவம், இப்பத்தான் இடம் மாறி வந்திருக்கு. நம்ம முகத்தையே இன்னும் சரியா பழகலை. வந்த ஒன்பதாம் நாள் கொண்டுபோய் நாலு ஊசி குத்துனா நம்மளைப் பத்தி அது என்ன நினைக்கும்? ஒரு ரெண்டு மாசம் போகட்டுமே." எனக்குள்ளும் அதே குரல்தான் இருந்தது. தத்தெடுத்த யாரைக் கேட்டாலும் இந்தக் கட்டத்தைச் சொல்வார்கள். பிள்ளை நம்மை நம்பவேண்டும் என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான் பிள்ளைக்கு வலிக்கிற காரியத்தையும் நாமே செய்யவேண்டியிருக்கிறது.

டாக்டரிடம் இதைக் கேட்டேன். "ஒரு வாரம் குடுங்க, ரெண்டு மாசம் குடுக்காதீங்க" என்றார். தட்டம்மை இருக்கிற ஒருவர் ஒரு அறையில் இருந்துவிட்டுப் போனால் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நெருங்கிப் பழகினால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்துவிடும். நாங்களோ பிள்ளை வந்த சந்தோஷத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு, கோயில், சொந்தக்காரர் வீடு என்று சுற்றப்போகிறோம். பழகட்டும் பழகட்டும் என்று நாங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மாதமும் அவள் எந்தக் காப்பும் இல்லாமல் எங்களோடு ஊர் முழுக்க வந்துகொண்டிருப்பாள்.

சட்டப்படியும் ஒன்று என் மனதில் ஓடியது. கலெக்டர் தத்து ஆணை தரும்வரை அவள் எங்கள் பிள்ளை இல்லை. அதுவரை எங்களிடம் இருப்பது தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில். 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட்டுக்குப் பதில் கலெக்டர்தான் இந்த ஆணையைத் தருகிறார். வேண்டாம் என்று முடிவெடுக்கிற உரிமை அந்த நாட்களில் எனக்கு உண்டா? நம் நாட்டில் தடுப்பூசி கட்டாயம் இல்லை, அதனால் யாரும் வந்து என்னைக் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு குழந்தையை ஊரே சேர்ந்து என் கையில் கொடுத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறது. என் பயத்தையோ எங்கள் வீட்டு வழக்கத்தையோ அவள் உடம்பில் வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு உரிமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுச் சொந்தக்கார ஆச்சி முன்கட்டில் இருக்கிறார், எண்பது வயது. அவரிடம் போய் உட்கார்ந்து அழுதேன். ஆச்சி பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவது காலம் காலமாக நடக்கிற விஷயம், ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு அதே கோயிலைச் சேர்ந்த இன்னொரு வீட்டிலிருந்து பிள்ளை வரும். இளையாற்றங்குடி என்றால் இளையாற்றங்குடி, மாத்தூர் என்றால் மாத்தூர், ஒன்பது கோயிலில் எதுவோ அதற்குள்தான். "எங்க பக்கம் கூட்டுற பிள்ளைக்கு எத்தனாம் மாசம் பல்லு மொளைச்சுது, எந்த வருசம் காய்ச்ச வந்துதுங்கற வரைக்கும் தெரியும் ஆத்தா. பெத்தவ பக்கத்துத் தெருவுலதான இருப்பா, போய்க் கேட்டுட்டு வந்துறலாம். ஒனக்குக் கேக்க ஆளில்ல. அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதான் ஒனக்குப் பெத்தவ வார்த்தை."

அப்புறம் ஆச்சி தன் புடவைத் தலைப்பை விலக்கி, மேல்கையில் இருந்த இரண்டு வட்டத் தழும்புகளைக் காட்டினார். அம்மை குத்தின தழும்பு. காலணா அகலம் இருக்கும், தோல் சுருங்கி, நடுவில் புள்ளி புள்ளியாக. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவுக்குத் தொழில் செய்யப் போன காலத்தில் அம்மை குத்தின சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்களாம், வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் குத்தினார்களாம். அந்தப் பெரியம்மை இப்போது உலகத்திலேயே இல்லை. பிள்ளையின் குட்டிக் கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்து, பயறு மாதிரி இருந்த அந்தத் தழும்பைத் தொட்டு, "இங்கபாரு, இவளுக்கும் ஆரோ மொதல்ல பாத்துத்தான் விட்டுருக்காக" என்றார்.

அத்தைக்கு நான் ஒரு வழி சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவோம், கூழ் ஊற்றுவோம், ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் புதன்கிழமை போவோம். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்டுட்டுப் போறதுன்னா சரி" என்றார். செவ்வாய்க்கிழமை அப்படியே செய்தோம். திருநீறு பூசிக் கொண்டுவந்த பிள்ளையை அத்தை அன்று இரவு முழுக்கத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் சுகாதார நிலையத்தில் கூட்டம். பெஞ்சு பூராவும் தாய்மார்கள். நீல நிற ஐஸ் பெட்டியைத் திறந்து நர்ஸம்மா ஒவ்வொரு குப்பியையும் எடுத்து லேபிளைப் பார்ப்பார். அதில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது, சூடுபட்டு வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். நான் எட்டிப் பார்த்ததும் அவரே காட்டிச் சொன்னார். தட்டம்மைக் குப்பியைக் கலந்ததும் கடிகாரத்தைப் பார்த்து அதன்மேல் நேரம் எழுதினார், நாலு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டுமாம், மிஞ்சினால் கொட்டிவிடுவார்களாம்.

பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரரை அழைத்து வந்திருந்தேன். வலி என் பேரில் போய்ச் சேரக்கூடாது, அம்மா என்றால் பால், தூக்கம், தாலாட்டு என்று மட்டும்தான் அவளுக்குப் பதியவேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு. நர்ஸம்மா ஃபைலைப் பார்த்தவர் புரிந்துகொண்டார், சத்தமாக எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயே மடியில வச்சுக்கம்மா. ஊசி போட்டது நானுன்னு அதுக்குத் தெரியும். வலிக்கும்போது யாரு மடியில இருந்தோம்னும் தெரியும்" என்றார்.

தொடையில் இரண்டு, கையில் இரண்டு, வாயில் சொட்டு மருந்து. ஒரே நாளில் நாலு ஊசி தாங்குமா என்று எனக்கு உதறல். வேறு வேறு இடத்தில் போட்டால் ஒன்றும் ஆகாது, தனித்தனியாக நாலு நாள் கூட்டிவந்தால் நாலு நாளும் பயப்படும் என்றார். முதல் ஊசி இறங்கியது. பிள்ளை அழவில்லை. கால் மட்டும் ஒருமுறை வெட்டி இழுத்தது. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. சத்தமே இல்லை. எங்களுக்கு முன்னால் போன மூன்று மாதப் பிள்ளை வீறிட்டு அழுத அழுகை இன்னும் கூடத்தில் நின்றிருந்தது.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்த அந்த அம்மாவின் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. ஊசி முனையை வெட்டுகிற கருவியில் வைத்து டக்கென்று வெட்டிவிட்டு, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, அட்டையில் தேதி எழுதத் தொடங்கினார். அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் அழும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் காத்திருந்தபோது எனக்கே விளங்கியது.

இரவில் காய்ச்சல் வந்தது. எதிர்பார்த்ததுதான். எடைக்கு எவ்வளவு பாரசிட்டமால் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்தேன். தொடையில் வீக்கம் இருந்த இடத்தில் ஈரத் துணி வைத்தேன். ராத்திரி முழுக்க அத்தையும் நானும் மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். விடியற்காலையில்தான் அவள் முதன்முதலாகத் தன் தலையை என் தோளில் முழுசாகச் சாய்த்தாள். பத்து நாளும் தூக்கிக்கொண்டுதான் இருந்தேன், தலை மட்டும் விறைப்பாகவே இருக்கும்.

அடுத்த தவணை ஆகஸ்ட் 16, நாலு வாரம் கழித்து. மூன்றாவது பெண்டாவேலன்ட், இரண்டாவது தட்டம்மை ரூபெல்லா. சுகாதார நிலையத்தின் கேட்டைத் தாண்டும்போதே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், புளியமரத்தடியில் நின்றிருந்த ஆட்டோக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார். ஊசி போடும்போது என் தாலிக்கயிற்றைச் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு "ம்மா ம்மா" என்று கத்தினாள். நர்ஸம்மா சிரித்துவிட்டார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவள் அழுதது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தேவகோட்டையில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவளும் கணவரும் அண்ணன் தம்பி இரண்டு பேரை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்திருக்கிறார்கள், பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு நாலு. இது தத்து இல்லை. பெற்றவள் இருக்கிறாள், உடம்பு முடியாமல் இருக்கிறாள், தேறினால் பிள்ளைகள் திரும்பிப் போகலாம். பெரியவன் பள்ளிக்கூடத்தில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பத்து வயசில் போடுகிற டி.டி. ஊசிக்காகப் பெற்றோர் கையெழுத்து கேட்டுச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். இவள் பேனாவை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போடலாமா, நான் யார் போடுவதற்கு, நாளைக்கு ஏதாவது என்றால்?

எனக்குப் போன் பண்ணினாள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுவிடு என்றேன். கேட்டாள். அன்றாட வைத்தியமும் வழக்கமான தடுப்பூசியும் வளர்ப்பவர் பார்த்துக்கொள்ளவேண்டியது, தாராளமாகப் போடுங்கள், ஆபரேஷன் மாதிரிப் பெரிய விஷயம் என்றால் எங்களுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சொல்லுங்கள் என்றார்களாம். கேட்டதில் தப்பே இல்லை. வளர்க்கிறவர்கள் பலர் இந்தப் பயத்தில்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறார்கள் என்று நினைக்கிறேன். பிள்ளையைக் கையில் வாங்குகிற அன்றைக்கே எதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடலாம் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சின்னவனுக்கு அட்டையே இல்லை. மறுபடி முதலிலிருந்து போடத் தயாராகிவிட்டாள். அதற்கு முன்னால் பெற்றவளைப் பார்க்கப் போன அன்று ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்றேன். கேட்கச் சங்கடம்தான், நீ ஒழுங்காப் போட்டியா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுமே. அவள் அதை நன்றாகக் கேட்டிருக்கிறாள், "சின்னவனுக்கு எங்கக்கா ஊசி போட்டீங்க, எந்த ஆஸ்பத்திரி?" என்று. அந்த அம்மா படுக்கையில் இருந்தபடியே ஊர் பெயர், நர்ஸ் பெயர் எல்லாம் சொல்லி, தங்கச்சி வீட்டில் அரிசி டின்னுக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அட்டை வைத்திருக்கிறேன் என்றாளாம். போய் எடுத்துவந்தார்கள். ஒன்றரை வயது பூஸ்டர் வரை ஒன்றுவிடாமல் போட்டிருந்தாள். வீடு வாசல் எல்லாம் போன பிறகும் அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவள். சின்னவன் வளர்ந்து ஒருநாள் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டால் என் தோழியால் அந்த அட்டையை எடுத்துக் காட்ட முடியும்.

தத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இது வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டில் பிள்ளையின் கணக்கு கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கொடுக்கிற 12 இலக்க எண்ணில்தான் தொடங்குகிறது. பெற்றவள் யார் என்பது ரகசியமாக இருக்கவேண்டிய பிள்ளைக்கு அந்த நூல் அறுந்துவிடுகிறது, அறுந்துதான் ஆகவேண்டும், அவளுடைய ரகசியத்தை நான் மதிக்கிறேன். அதற்காகத்தான் பிள்ளைகளை வைத்திருக்கிற அமைப்புகளிடம் மன்றாடிக் கேட்கிறேன். 'வயதுக்கேற்பப் போடப்பட்டது' என்று ஒரு வரி எழுதாதீர்கள். எந்த ஊசி, எந்தத் தேதி, எத்தனாவது டோஸ், இதை எழுத மூன்று நிமிடம் ஆகாது. போடவில்லை என்றால் போடவில்லை என்றே எழுதுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், அடுத்த புதன்கிழமை கூட்டிக்கொண்டு போவோம்.

தத்தெடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. பிள்ளை வருவதற்கு முன்னாலேயே வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகளின் அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். விடுதியிலிருந்து வரும் பிள்ளை எதையாவது கொண்டுவருமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் காப்பு இல்லாமல் வரும் பிள்ளைக்கு நம் வீடும் ஒரு புது இடம்தான், நம்முடைய இருமலும் சளியும் அதற்குப் புதுசுதான்.

2024 பிப்ரவரி 21-ல் எங்கள் மகளுக்கு முத்தடுப்பு பூஸ்டர், மூன்றாவது பெண்டாவேலன்டிலிருந்து ஆறு மாதம் விட்டு. அதற்குள் கலெக்டர் ஆணையும் வந்து, புதுப் பெயரும் வைத்துவிட்டோம். நர்ஸம்மா, "புது அட்டை போட்டுத் தரட்டுமா? இது கிழிஞ்சுபோச்சே" என்றார். பழைய அட்டையில் தாயின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை தடவியிருக்கும், குழந்தையின் பெயர் இருந்த இடத்தில் அமைப்பில் வைத்த பெயர் இருக்கும். வேண்டாம், இதிலேயே எழுதுங்கள் என்றேன். பழைய பெயரை அடிக்காமல் அதன் கீழேயே எங்கள் மகளின் பெயரை எழுதி, பூஸ்டர் கட்டத்தில் தேதி போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார், "அடுத்தது எப்பத்தா?"

"அஞ்சு வயசுல அத்தை, 2027-ல."

அத்தை அட்டையை வாங்கி, மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டி, தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நிலப் பட்டாவும் மாமாவின் போட்டோவும் இருக்கிற பெட்டி, சாவி அவர் முந்தானையில்தான் இருக்கும். பட்டாவுக்கு அடியில் அட்டையை வைத்துப் பூட்டிவிட்டு, "நான் இல்லாட்டி சாவி ஒன்கிட்ட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குத் தொடையில் ஈரத் துணி வைக்கப் போனார்.